'எவிட்டா' இரட்டை சிடி யாரிடமாவது இருக்கிறதா?

மதுரை இசை நண்பர்களுக்கு வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

1996இல் மடோனா நடித்து வந்த 'எவிட்டா' படத்தின் பாடல் தொகுப்பைத் தேடுகிறேன். அத்தைக்கு உயிரான ஆல்பம். அவரிடம் இருப்பது ஒரே கேசட்டில் சுருக்கி வெளிவந்தது. படமே கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டாகத்தான் நகரும். அதனால் சுருக்கிய தொகுப்பில் கதை நடுநடுவே அறுந்துபோகிறது. எனக்கு வேண்டியது முழுத் தொகுப்பு, இரண்டு சிடி கொண்டது.

இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபரும் பாடலாசிரியர் டிம் ரைஸும் படத்துக்கென்றே புதிதாக எழுதிய 'யூ மஸ்ட் லவ் மீ' பாட்டு ஆஸ்கர் வாங்கியது. மடோனா இந்தப் படத்துக்காகத் தனியாகக் குரல் பயிற்சி எடுத்தார். அவருடைய மற்றப் பாடல்களோடு சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அந்தப் பாட்டில் அவர் குரலை அடக்கிப் பாடும் விதம் என்னை இன்னும் உலுக்குகிறது.

செல்போனில் கேட்கலாம்தான். ஆனால் அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டது; சிடி பிளேயரின் பட்டன்கள் மட்டும் கைக்குப் பழக்கம்.

திருமங்கலம், மேலூர் பக்கம் இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். விலைக்கு என்றாலும் சரி, இரண்டு நாள் இரவல் என்றாலும் சரி.

அப்புறம், அந்தக் கேசட்டின் நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது, உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டும் உதிர்ந்துவிட்டது. டவுன்ஹால் ரோடு பக்கம் இதைச் சுத்தம் செய்து சரிபார்த்துத் தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.