காத்திருப்பு அறையில் ஒரு தெரிந்த முகம்

பழைய சைக்கிள்:

மனநலப் பிரிவுக்கு முதல் முறை போனபோது கையோடு ஒரு பொய்யையும் எடுத்துக்கொண்டு போனேன். யாராவது பார்த்துவிட்டால் அண்ணனுக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். எனக்கு அண்ணன் கிடையாது.

பதினோரு வருடக் குடி. கடைசி மூன்று வருடம் காலையில் கை நடுங்கும், கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கும். அந்தக் கதையை விரித்து எழுதப் போவதில்லை, குடிக்கிற வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். காத்திருப்பு அறையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எதிர் வரிசையில் எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர். வேறு பிரிவு, லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு பேரும் சட்டென்று போனுக்குள் குனிந்துகொண்டோம். என் போனில் சார்ஜ் இல்லை. இருபது நிமிடம் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே டாக்டர் பத்துக் கேள்விகள் கேட்டார். எவ்வளவு அடிக்கடி, ஒரு நாளில் எவ்வளவு, குடித்த மறுநாள் குற்ற உணர்வு வந்ததா என்கிற மாதிரி. மொத்தம் 40 மதிப்பெண், 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றார். நான் 27. பள்ளியில்கூட இவ்வளவு எடுத்ததில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. அவர் என்னைக் குடிகாரர் என்று சொல்லவில்லை, குடிநோயாளி என்றார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இலேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டதாம். என் சொந்தக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே ஆள். இந்த முறை பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். "அண்ணனுக்குத் துணையா வந்தேன்" என்று ஆரம்பித்தேன். "நான் நாலு வருஷமா எனக்குத் துணையா வர்றேன்" என்றார்.

அவருக்கு இருமுனை மனநோய், மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி உச்சத்திலும் ஒரு சமயம் அடியோடு சோர்ந்தும் போகும். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடக் கூடாது என்பதால் அவ்வப்போது ரத்தம் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "சுகர் டெஸ்ட்னு சொல்லுவேன். சுகர்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

எனக்குத் தந்தது நால்ட்ரெக்சோன் மாத்திரை. குடித்தால் வரும் கிறக்கத்தை மட்டுப்படுத்தும், ஆசையும் குறையும். அலமாரியில் போர்வைக்குப் பின்னால், முன்பு பாட்டில் வைத்த அதே இடத்தில் ஒளித்து வைத்தேன். கை அதற்குத்தானே பழகியிருந்தது. மனைவி ஒரு நாள் கண்டுபிடித்தாள். பழைய சாமான் என்று நினைத்துத்தான் கையை விட்டிருப்பாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பல் துலக்கும் பிரஷ்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இதையுமா ஒளிப்பீங்க?" அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

தூங்காதவள்:

போர்வையைப் படித்ததும் சிரித்துவிட்டேன் அண்ணா. நான் மன அழுத்த மாத்திரையை வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். மாமியார் ஒரு நாள் "எனக்கும் ரெண்டு குடும்மா" என்று கேட்டபோதுதான் குலை நடுங்கியது.

முதல் தடவை ஒன்பதாவது நாளே நிறுத்திவிட்டேன். குமட்டல் இருந்தது, பலன் தெரியவில்லை, "பழகிட்டா விட முடியாது, மறை கழண்ட ஆளாக்கிடுவாங்க" என்று அக்கா வேறு சொன்னாள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும், குமட்டல் பெரும்பாலும் முதலில் வந்து அடங்கிவிடும் என்று யாராவது அன்றே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். இரண்டாம் தடவை ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமல், நானாகவே. அப்போதுதான் கவனித்தேன். இவை போதை மாதிரி அடிமையாக்கும் மாத்திரைகள் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஜன்னலோரம்:

என் தம்பிக்கு நடந்தது. படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போய்விடும் என்று அப்பா அவனை அறையில் வைத்துப் பூட்டினார். "நாலு நாள் குடிக்காம இருந்தா சரியாயிடும்." இரண்டாம் நாள் இரவு வலிப்பு. பூட்டைத் திறக்கச் சாவி கிடைக்காமல் தேடினோம், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை பிடித்த மாதிரி உளறலும் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம், அதில் உயிரே போகலாம். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். பிழைத்துவிட்டான். அப்பா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஏழாம் எண்:

எல்லோரும் வெளியே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். நான் சொன்னேன். மேலதிகாரி கையைப் பிடித்து "உங்க தைரியம் பெருசு" என்றார், அடுத்த பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனது. குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும், 1935இல் ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் இன்றைக்கும் முழுப் பெயர் கேட்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பெயரைத்தான் மறைக்கிறோம், குடியை மறைப்பதில்லை. எனக்கு அது போதும். பழைய சைக்கிள், நீங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டீர்களா?

பழைய சைக்கிள்:

இல்லை. விடுப்பு விண்ணப்பத்தில் மருத்துவப் பரிசோதனை என்று எழுதுகிறேன், அது பொய் இல்லை. தம்பியைப் பற்றி எழுதியவருக்கு: நானும் ஒரு தடவை தனியாக நிறுத்திப் பார்த்தவன்தான், வலிப்பு வராதது என் அதிர்ஷ்டம்.

வீட்டில் தெரியும், இரண்டு நண்பர்களுக்குத் தெரியும், லிஃப்டில் தலையசைக்கும் அந்த அலுவலகத்து ஆளுக்குத் தெரியும். கூட்டமாக இருக்கும்போது அவர் சத்தமாகவே கேட்பார்: "உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் சார். பதினாலு மாசமாச்சு."