சதுப்பு நிலத்து இரும்பு: நேரில் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மலைக்காற்று (நார்வே)

நார்வேயின் டெலமார்க் மலைப்பகுதியில் மோஸ்வாட்ன் என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, ஆகஸ்ட் மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும் இடம். மீன் பிடிக்கப் போனபோது கரையில் ஒரு கருப்புக் கல் காலில் தட்டுப்பட்டது. அந்த அளவு கல்லுக்கு இருக்கக்கூடாத கனம். ஒரு பக்கம் உருகி வழிந்து உறைந்த மடிப்புகள். கூட வந்த உள்ளூர்க்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இரும்பு உருக்கிய கசடு, ஆயிரம் வருடமாவது இருக்கும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடு" என்றார். இந்த நாட்டில் 1537க்கு முந்தைய மனிதத் தடயம் எல்லாம் தானாகவே சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கசடும் அதில் சேர்த்தி.

அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, அந்த ஏரியைச் சுற்றி இப்படி இரும்பு உருக்கிய இடங்கள் ஏராளம். இர்மெலின் மார்டென்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் பல காலம் அங்கே ஆய்வு செய்து 1988இல் விரிவாக எழுதியிருக்கிறார். சுரங்கம் எதுவும் கிடையாது. தாது முழுக்கச் சதுப்பு நிலத்திலிருந்துதான். பாறையிலுள்ள இரும்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. சதுப்பில் மேலே வந்து காற்றுப் பட்டதும், சில பாக்டீரியாக்களின் உதவியோடு, துருவாகப் படிகிறது. புல் வேருக்குக் கீழே செம்பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சேர்கிறது. அள்ளிய இடத்தில் ஒரு தலைமுறை கழித்துத் திரும்பவும் அள்ளலாம் என்பார்கள்.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் "சுரங்கம் தோண்ட வழியில்லாத ஏழைகளின் இரும்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த மலையில் தயாரானது உள்ளூர்த் தேவையைவிடப் பல மடங்கு அதிகம். விற்கத்தான் செய்திருக்கிறார்கள், வாங்கியவர்களும் தரம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். உலை, அருங்காட்சியகம், அகழாய்வு, எங்கேயாவது இதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

துருத்தி (டென்மார்க்)

இங்கே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் சதுப்புத் தாதை உருக்கிக் காட்டினார்கள். காலையில் போய் இருட்டும்வரை நின்றேன். பிள்ளைகள் மதியத்திலேயே அலுத்துப்போய் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விட்டார்கள்.

முந்தின நாளே தாதை விறகு அடுக்கி அதன்மேல் கொட்டி வறுத்து வைத்திருந்தார்கள். வறுக்கும்போது ஈரம் போகும், தாது பொரபொரப்பாகும், நிறமும் பழுப்பிலிருந்து நல்ல சிவப்புக்கு மாறும். பச்சைத் தாதில் காந்தத்தை வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே ஒட்டவில்லை. வறுத்ததில் அப்படியே அப்பிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் என் மூத்த மகன் ஐஸ்கிரீமை மறந்து கொஞ்ச நேரம் நின்றான்.

உலை களிமண்ணால் ஆனது, என் நெஞ்சு உயரம்கூட இல்லை. முதலில் விறகு போட்டுச் சூடேற்றினார்கள். பிறகு ஒரு கூடை கரி, ஒரு பங்கு தாது, மறுபடி கரி என்று மாற்றி மாற்றி. துருத்தி நிற்கவே கூடாது. இரண்டு பேர் மாறி மாறி மிதித்தார்கள், பார்க்க வந்தவர்களையும் கூப்பிட்டார்கள். நானும் மிதித்தேன். பத்து நிமிடத்தில் தொடை கெஞ்சியது.

எல்லோரும் எதிர்பார்ப்பது இரும்பு உருகி ஓடும் என்று. ஓடாது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், இந்த உலையின் சூடு 1200, 1300ஐச் சுற்றித்தான். உருகி ஓடுவது கசடு மட்டும். இரும்பு உள்ளேயே சிறு சிறு துணுக்காக ஒட்டிச் சேர்ந்து, பஞ்சு போல ஓட்டை நிறைந்த ஒரு கட்டியாக அடியில் உட்கார்ந்துவிடும். சூட்டையும் கரியையும் அளவுக்கு மீறி ஏற்றினால் கரி அதிகம் ஏறிய வார்ப்பிரும்பு வரும், சுத்தியலில் தட்டினால் உடையும். கொல்லருக்கு அது உதவாது. அதனால் உலைக்காரர் உலையின் வாயில் எரியும் சுவாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது கேள்வி கேட்டால் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

சாயங்காலம் உலையின் பக்கவாட்டுச் சுவரை உடைத்துக் கட்டியைக் குறடால் இழுத்து, ஒரு மரத்துண்டின் மேல் வைத்து மரச் சம்மட்டியால் மெதுவாக அடித்தார்கள். மெதுவாக என்பது முக்கியம். ஆரம்பத்திலேயே ஓங்கி அடித்தால் சிதறிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கசடு பிதுங்கித் தெறித்தது.

உலைக்காரர் சொன்ன ஒரு கணக்கு மட்டும் இன்னும் மண்டையில் நிற்கிறது. தாதிலுள்ள மணல் கசடாகி வெளியேற வேண்டுமென்றால் கூடவே இரும்பு ஆக்சைடையும் இழுத்துக்கொண்டுதான் போகும். ஒரு கிலோ மணல் ஏறக்குறைய இரண்டு கிலோ இரும்பைத் தின்றுவிடும். இந்தக் கசடில் பாதிக்கு மேல் இரும்பு ஆக்சைடுதான். மலைக்காற்று அண்ணா, உங்கள் காலில் தட்டிய கல் கனத்ததற்குக் காரணம் அதுதான். கசடு தன் பங்கை எடுத்தது போக மிஞ்சினால்தான் நமக்கு இரும்பு. மட்டமான தாதைப் போட்டால் நாள் முழுக்க ஊதிக் கசடை மட்டும் எடுக்கலாம். ஆக இந்தத் தொழிலில் மட்டமான தாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆணிவேர் (டொராண்டோ)

நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு முனையில் லான்சோ மெடோஸ் போயிருக்கிறேன். டொராண்டோவிலிருந்து விமானம், பிறகு காரில் நாள் முழுக்க. வழியில் மூஸ் மான் குறுக்கே வரும், இரவில் ஓட்டாதீர்கள். ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி ஆன் ஸ்டீனும் 1960இல் கண்டுபிடித்து, பிறகு தோண்டிய வைக்கிங் குடியிருப்பு. 1978இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

ஓடையின் ஒரு கரையில் வீடுகள், எதிர்க்கரையில் உலை இருந்த குடிசை. தீக்குப் பயந்துதான் தள்ளி வைத்திருப்பார்கள். ஓடையோரச் சதுப்பிலேயே தாது. உருக்கியது ரொம்பக் கொஞ்சம், படகு பழுதுபார்க்க ஆணி அடிக்கும் அளவுக்குத்தான். அங்கே வெட்டிய மரத்துண்டுகளை ஆராய்ந்து 1021ஆம் ஆண்டில் வெட்டியவை என்று சில வருடங்களுக்கு முன் உறுதி செய்தார்கள். வட அமெரிக்காவில் தாதை உருக்கி இரும்பு எடுத்த முதல் இடம் என்று சொல்லப்படுவது இதுதான்.

வியாபாரமெல்லாம் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத கரையில் இறங்கி, சதுப்பைப் பார்த்தே இங்கே இரும்பு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வார்ப்படம் (ஸ்டாக்ஹோம், முன்பு கோவை)

நான் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவன், அதனால் "உயர்தரம்" என்றால் உடனே பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்பேன். சதுப்புத் தாதின் தலைவலியே அதுதான். பாஸ்பரஸ் ஏறினால் இரும்பு கடினமாகும், ஆனால் குளிரில் வெடுக்கென்று உடையும். கரியை உள்வாங்கி எஃகாவதையும் தடுக்கும். டென்மார்க்கின் ஜட்லாந்துத் தாது பலவற்றில் பாஸ்பரஸ் அதிகம், நார்வே மலைத் தாது பலவற்றில் குறைவு. இரும்புக்குள் சிக்கிக்கொண்ட பொடிக் கசடை ஆராய்ந்து எந்தப் பகுதி இரும்பு என்று இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. வைக்கிங் காலத்திலும் அதற்குப் பிறகும் டென்மார்க்குக்கு வடக்கிலிருந்து இரும்பு போயிருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. தாது இருந்த ஊரே வெளியூர் இரும்பை வாங்கியது என்றால் காரணம் இல்லாமலா?

அதே சமயம் பாஸ்பரஸ் இரும்பை வீணென்று தள்ளவும் இல்லை. இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒட்டிச் செய்த வாள்களில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கோடுகளுக்கு அதைத்தான் வேண்டுமென்றே சேர்த்தார்கள். கொல்லர்களுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் எந்த இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கை சொல்லியிருக்கும்.

வாங்குபவர் தரத்தை எப்படிப் பார்த்தார்? இதற்கு விடை ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது என் கட்சி. வடக்கு ஸ்வீடனில், யாம்ட்லாந்து, ஹெல்சிங்லாந்து பக்கம், மண்வெட்டி வடிவத்தில் மெல்லிசாகத் தட்டிய இரும்புப் பாளங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. மண்வெட்டியாகப் பயன்படுத்த அல்ல. உள்ளே கசடு தங்கிய மட்ட இரும்பை அவ்வளவு மெல்லிசாகத் தட்டினால் விரிசல் விடும். விடவில்லை என்பதே சான்றிதழ். உலையிலிருந்து வந்த கட்டியைக் கோடரியால் பாதிவரை பிளந்து வைக்கும் வழக்கமும் இருந்தது, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்கலாம். இன்றைக்கு நாங்கள் டெஸ்ட் பீஸ் உடைத்துப் பார்ப்பதும் இதற்குத்தான்.

அங்கேயே மாஸ்டர்மிர் பெட்டியையும் பாருங்கள். 1936இல் காட்லாந்து தீவில், நீர் வடித்த சதுப்பு வயலை உழுதபோது ஏரில் மாட்டிய மரப்பெட்டி. சம்மட்டி, குறடு, ரம்பம், வாய்ச்சி என்று 200க்கும் மேற்பட்ட பொருள்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கொல்லரின் குறடு என் தாத்தா பட்டறையில் கிடந்ததிலிருந்து பெரிதாக வித்தியாசப்படவில்லை. வாள் இருக்கும் பெட்டி முன்னால் கூட்டம், இதன் முன்னால் நான் ஒருவன்தான்.

பனிமலர்

எனக்கு ஒரே சந்தேகம். இவ்வளவு கரிக்கு மரம் எங்கே போனது? காடே மொட்டையாகியிருக்குமே?

மலைக்காற்று (நார்வே)

நல்ல கேள்வி தங்கச்சி. மரம்தான் உண்மையான செலவு, தாது அல்ல. சதுப்புகள் ஊரெல்லாம் உண்டு. ஆனால் தாது, காடு, ஆள் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அதனால்தான் தொழில் மலைக்காட்டுக்கு ஏறியது.

கரியைக் குழி தோண்டி மூடி எரித்தார்கள். அந்தக் குழிகள் இன்றும் காட்டில் இருக்கின்றன. நடந்து போனால் சாதாரணப் பள்ளமாகத்தான் தெரியும், பாசி மூடியிருக்கும். விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுக்கும் நிலப்படத்தில் மரங்களை நீக்கிப் பார்த்தால் காடு முழுக்க வட்ட வட்டமாகத் தெரிகிறது. கிழக்கு நார்வேயில் கிரோஃப்யெல் பகுதியில் ராணுவப் பயிற்சி மைதானம் அமைக்கும் முன் 2000களில் பெரிய அகழாய்வு நடந்தது. கரிக்குழிகளும் உலைகளும் குவியலாக வெளிவந்தன. செதெஸ்தால் பள்ளத்தாக்கின் மேல்முனையில் ஹோவ்டனும் அப்படித்தான், 10ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுவரை. அங்கே இதற்கென்றே சிறிய அருங்காட்சியகம் உண்டு. ஸ்கீ விளையாடப் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள், ஆனால் திறந்திருக்கும் மாதங்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் விவசாயிகள். மாடு, கொஞ்சம் பார்லி, வேட்டை, கூடவே இரும்பு. ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கான ஆணி, ஒவ்வொரு பண்ணைக்கும் அரிவாள், அம்பு முனை, கொப்பரை. கடலோரத்துக்காரருக்கு வேண்டியது மலையில் இருந்தது, மலைக்காரருக்கு வேண்டிய உப்பும் தானியமும் கீழே இருந்தன.

பீப்பாய் (போலந்து)

நான் கிதான்ஸ்க் நகரத்தில் படிக்கிறேன். இந்தக் கதையின் கடைசிப் பகுதி இங்கே கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்து மூழ்கிய சரக்குக் கப்பல். செம்பு, மெழுகு, தார், மரம், அதோடு பீப்பாய்களில் அடைத்த சிறு இரும்புத் துண்டுகள். அந்தத் துண்டுக்குப் பெயர் ஆஸ்முண்ட். ஒன்று சுமார் 300 கிராம், எண்ணியும் விற்கலாம், பீப்பாயாகவும் விற்கலாம். ஸ்வீடனில் வரியாகவே இதைக் கட்டியிருக்கிறார்கள்.

ஸ்வீடன் ஆஸ்முண்ட் வந்தது சதுப்பிலிருந்து அல்ல, மலைப்பாறைத் தாதிலிருந்து. நூர்பெரி அருகே லாப்ஹிட்டனில் தோண்டியபோது ஐரோப்பாவின் மிகப் பழைய ஊதுலைகளில் ஒன்று கிடைத்தது. தண்ணீர்ச் சக்கரம் துருத்தியை இயக்கும், இரும்பு உருகியே ஓடும், பிறகு இரும்பில் ஏறிய கரியைக் குறைத்து அடிக்கத்தக்கதாக மாற்றுவார்கள். துருத்தி சொன்ன கணக்குப்படி கசடு இரும்பைத் தின்னும் நஷ்டமும் இதில் பெருமளவு குறைந்துவிடும். மலைக்காட்டில் இரண்டு பேர் மிதிக்கும் துருத்தி இதோடு எப்படிப் போட்டி போடும்?

மலைக்காற்று (நார்வே)

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நார்வேயில் பல இடங்களில் 1300 வாக்கிலேயே தொழில் இறங்குமுகம். 1349இல் கொள்ளைநோய் வந்ததும் மோஸ்வாட்ன் கரைப் பண்ணைகள் ஆளில்லாமல் போயின. ஆனால் அடியோடு அழிந்துவிடவில்லை. கிழக்கே ஊஸ்டர்தால் பள்ளத்தாக்கில் ஓலே எவென்ஸ்டாட் என்ற விவசாயி 1782இல் தாது தேடுவது, வறுப்பது, உலை கட்டுவது, ஊதுவது எல்லாவற்றையும் படிப்படியாக எழுதி வைத்தார். துருத்தி பார்த்த மாதிரியான செய்முறைகளுக்கு இன்றும் பலர் புரட்டுவது அவர் எழுதியதைத்தான்.

சதுப்புப் பக்கம் நடக்கிறவர்களுக்கு ஒன்று. தேங்கிய நீரில் எண்ணெய் மாதிரிப் படலம் தெரிந்தால் குச்சியால் குத்திப் பாருங்கள். உடைந்து சில்லு சில்லாகப் பிரிந்தால் அது இரும்புப் படலம். திரும்பவும் ஒன்றாகக் கூடினால் யாரோ டீசல் கொட்டியிருக்கிறார்கள், நகராட்சிக்குப் போன் போடுங்கள்.