இழப்பீட்டுக் கோப்பும் விபத்துப் பதிவும் ஒரே மென்பொருளுக்குள் வரலாமா?

பழைய_பேரேடு:

வணக்கம். ஓர் அரசுத் துறையின் இழப்பீட்டுப் பிரிவில் 19 வருடமாக இருக்கிறேன். சாலைப் பராமரிப்பு, கழிவுநீர்க் குழாய், மரம் வெட்டுதல், பணிமனை என்று எல்லா வகை ஆட்களும் எங்கள் துறையில் உண்டு. வேலையில் யாருக்காவது அடிபட்டால் மேற்பார்வையாளர் 4 பக்கப் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் அதைப் பழைய புரோகிராமில் ஏற்றுவோம். மருத்துவச் சீட்டு, சம்பள விவரம், வாரிசுச் சான்று எல்லாம் காகிதக் கோப்பில் இருக்கும். இதே விபத்தைப் பாதுகாப்புப் பிரிவும் தனியாக ஓர் எக்செல்லில் எழுதிவைக்கிறது. இரண்டு கணக்கும் ஒரு வருடம்கூட ஒத்துப்போனதில்லை. நாங்கள் விண்ணப்பம் வந்த தேதியை வைத்து வருடம் பிரிக்கிறோம், அவர்கள் அடிபட்ட தேதியை வைத்துப் பிரிக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் ஏணியிலிருந்து விழுந்தவர் இரண்டு வருடத்திலும் ஒவ்வொரு தடவை விழுந்திருப்பார்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவரப் போகிறார்கள். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கணினி பற்றிப் பெரிதாகத் தெரியாது, ஆனால் கோப்பு தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்கள் போல.

போன வாரம் ஒரு நிறுவனம் செய்துகாட்டியது. எங்கள் பழைய தரவின் பெயர் நீக்கிய பிரதியை ஏற்றி, அழகான வரைபடம் போட்டுக் காட்டினார்கள். "உங்கள் துறையில் காலை 9 மணிக்குத்தான் அதிக விபத்து. வேலை தொடங்கும் நேரத்தில் கவனக்குறைவு இருக்கிறது, அப்போது ஒரு பாதுகாப்புக் கூட்டம் போடலாம்" என்றார்கள். குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த 9 மணி நான் போட்டது.

பழைய புரோகிராமில் விபத்து நேரம் கட்டாயம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. முதுகுவலி, தோள்பட்டை வலி, காது மந்தம் என்று வருகிறவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? பல வருடம் மூட்டை தூக்கியவரிடம் "எத்தனை மணிக்கு வலி வந்தது?" என்று கேட்க முடியுமா? நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த மூத்தவர் "தெரியாவிட்டால் 9 போடு" என்றார். போட்டேன். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

காரணம் என்ற கட்டத்திலும் இதே கதைதான். பட்டியலில் 60க்கு மேல் காரணக் குறியீடுகள். அவசரத்தில் எல்லோரும் "மற்றவை" என்று போட்டுவிடுவோம்.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். இப்படிப்பட்ட தரவைப் புது மென்பொருளுக்கு எடுத்துப்போவது சரியா? அப்புறம், இழப்பீட்டையும் விபத்துப் பதிவையும் ஒன்றாகச் சேர்ப்பது நல்லதுதானா? எங்கள் பாதுகாப்பு அதிகாரி வேண்டவே வேண்டாம் என்கிறார், நிதிப் பிரிவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

அட்டவணைக்காரன்:

அக்கா, முதலில் ஒன்று. பழைய தரவைப் புதுசுக்கு மாற்றும் வேலையைத்தான் நான் செய்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு "9 மணி" இருக்கும். சில இடங்களில் அது ஜனவரி 1, சில இடங்களில் 999. நீங்கள் சொன்னதால் தெரிந்தது, பல இடங்களில் சொல்வதற்கு ஆளே இருக்காது, ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். எனவே அடுத்த கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் எழுத்தில்.

அந்த 9ஐ அழிக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். பழைய மதிப்பு என்று தனிக் கட்டத்தில் இருக்கட்டும். புது நேரக் கட்டம் "தெரியவில்லை" என்று போகட்டும். வெற்றுக் கட்டம் வேறு, "தெரியவில்லை" வேறு, "பொருந்தாது" வேறு. இந்த மூன்றையும் பிரித்து வைக்கத் தெரியாத மென்பொருளை வாங்காதீர்கள்.

எல்லாக் கோப்பையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிந்துபோன வழக்குகளுக்குச் சுருக்க விவரமும், படிக்க மட்டும் முடிகிற ஸ்கேன் பிரதியும் போதும். நடப்பில் இருப்பதை மட்டும் முழுதாக மாற்றுங்கள். ஆனால் "நடப்பு" என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். இறந்தவரின் மனைவிக்கு மாதாமாதம் போகும் தொகை, வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவைப்படுகிறவர், இவையெல்லாம் 30 வருடம் பழையதாக இருந்தாலும் நடப்புதான். கோப்பில் கடைசியாக ஏதாவது எழுதிய தேதியை வைத்து வடிகட்டினால் இவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இழப்பீட்டு விகிதம் சட்டத் திருத்தத்தில் மாறும். பல சட்டங்களில் அடிபட்ட நாளன்று நடப்பில் இருந்த விகிதம்தான் பொருந்தும், இன்றைய விகிதம் அல்ல. எனவே மென்பொருளில் ஒவ்வொரு விகிதத்துக்கும் "எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை" என்று இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு விபத்தைக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பழையதும் புதியதும் சில மாதம் சேர்ந்தே ஓட வேண்டும். கனடாவில் 2016ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஆட்களை முன்கூட்டியே குறைத்துவிட்டார்கள். பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் கூடியும் குறைந்தும் வராமலும் போனது, சரிசெய்ய வருடக்கணக்கானது. "மென்பொருள் வந்ததும் உங்கள் பிரிவில் இத்தனை இடம் குறையும்" என்று திட்ட அறிக்கையில் வரி இருந்தால், அது எந்த மாதம் என்று பாருங்கள்.

மஞ்சள்_தொப்பி:

நான் பாதுகாப்புப் பக்கம். உங்கள் அதிகாரி ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஊகிக்க முடிகிறது, மேடம். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் வந்து சேருவது நம்பிக்கையால். "மேலிருந்து ஸ்பேனர் விழுந்தது, யாருக்கும் படவில்லை" என்று ஒருவர் எழுதுகிற திரையிலேயே பணம், மருத்துவம், விசாரணை என்று வந்தால் அடுத்த தடவை எழுதமாட்டார். அதற்காக இரண்டு தனித் தீவுகளாக வைத்தால் உங்கள் டிசம்பர் ஏணிக்காரர் நிலைதான்.

நாங்கள் செய்தது இது. சம்பவம் என்பது ஒரே ஒரு பதிவு, ஒரே ஓர் எண். அதன் கீழே காயம் இருந்தால் காயப் பதிவு, உரிமை கோரினால் கோரிக்கைப் பதிவு. ஒரு சம்பவத்தில் மூவருக்கு அடிபட்டால் ஒரு சம்பவம், மூன்று காயம், கோரிக்கை இரண்டோ மூன்றோ. பழைய முறையில் அது மூன்று விபத்தாக எண்ணப்பட்டிருக்கும். கோரிக்கைப் பக்கத்தை உங்கள் பிரிவு மட்டும் பார்க்கும். எனக்கு நோயின் பெயர் தேவையில்லை, எந்த இயந்திரம், எந்த வேலை, கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் தகடு இருந்ததா என்பது போதும்.

பதிவு செய்ய வேண்டிய காயமும் இழப்பீடு கிடைக்கும் காயமும் ஒன்றல்ல என்பதைக் குழுவில் எல்லோருக்கும் புரியவையுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: பதிவேட்டில் ஏற்றுவதால் யாருடைய தவறு என்றோ, இழப்பீட்டுக்குத் தகுதி உண்டு என்றோ பொருள் இல்லை. அதே விதிகளில் அந்தரங்க வழக்கு என்று ஒரு வகையும் உண்டு. பாலியல் தாக்குதல், மனநோய், நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தியது போன்றவற்றில் பதிவேட்டில் பெயருக்குப் பதில் அந்தச் சொல்லை மட்டும் எழுதி, பெயரைத் தனிப் பட்டியலில் வைக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். "பெயர்" கட்டமும் கட்டாயமாக இருந்தால் இன்னொரு 9 மணி பிறக்கும்.

உங்கள் முதுகுவலிப் பிரச்சினைக்கு வருகிறேன். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு தனிப் படிவங்கள் உண்டு. ஒரே நாளில் அல்லது ஒரே ஷிப்டில் நேர்ந்த காயத்துக்கு சிஏ-1. அதைவிட நீண்ட காலத்தில் சேர்ந்து வந்த நோய்க்கு சிஏ-2. இரண்டாவதில் "எப்போது நடந்தது" என்று கேட்பதில்லை. நோய் இருப்பதை முதலில் எப்போது உணர்ந்தீர்கள், அது வேலையால் வந்தது என்று எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்று இரண்டு தேதி கேட்கிறார்கள். மூட்டை தூக்கியவரால் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். உங்கள் பழைய புரோகிராமை எழுதியவர் விபத்து என்றால் ஏதாவது தலையில் விழுவது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்.

காய விகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓஷா கணக்கில் காய எண்ணிக்கையை 2,00,000 வேலை மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். 100 பேர், வாரம் 40 மணி, வருடம் 50 வாரம், அதுதான் அந்த எண். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முறையில் 10 லட்சம் மணி நேரத்துக்கு. எப்படியானாலும் வேலை மணி நேரம் சம்பளப் பிரிவிலிருந்து வர வேண்டும், ஒப்பந்த ஆட்களுடையது உட்பட. இந்த இணைப்பை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் கைக்கணக்குதான்.

"மற்றவை" விஷயத்தில் என் யோசனை சின்னது. 60 குறியீட்டைக் களத்தில் இருப்பவரிடம் காட்டவே காட்டாதீர்கள். அவர் இரண்டு வரியில் என்ன நடந்தது என்று எழுதட்டும். குறியீட்டை அலுவலகத்தில் ஒருவர் படித்துப் போடட்டும்.

பள்ளம்வெட்டி:

நான் அலுவலக ஆள் இல்லை, குழாய்ப் பிரிவு. இரண்டு தடவை அடிபட்டிருக்கிறேன். முதல் தடவை காகிதம். இரண்டாவது தடவை ஏதோ ஆப் என்று கொடுத்தார்கள். எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

கையில் உறை. உறையைக் கழற்றினால் சேறு. பள்ளத்துக்குள் சிக்னல் கிடையாது. கடவுச்சொல் 90 நாளுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது, நானோ வருடத்துக்கு ஒரு தடவைகூட அதைத் திறப்பதில்லை, எப்படி ஞாபகம் இருக்கும்? கடைசியில் சூப்பர்வைசர் தன் பெயரில் நுழைந்து, நான் சொன்னதைத் தன் வார்த்தையில் எழுதினார். "பலகை சரிந்தது" என்று நான் சொன்னேன். "ஊழியர் நிலைதடுமாறினார்" என்று பதிவாகியிருந்தது. பிற்பாடு விசாரணையில்தான் பார்த்தேன்.

காகிதத்திலாவது என் கையெழுத்து இருந்தது. புதுசில் நான் சொன்னது தனியாக, அவர் சொல்வது தனியாக இருக்க வேண்டும். பேசிப் பதிவு செய்ய வழி இருந்தால் இன்னும் நல்லது. சிக்னல் வரும்போது அதுவாகப் போகட்டும்.

அப்புறம் எனக்கு ஓர் எண் வேண்டும். அடிபட்ட நாளே. என் தாள் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்க நொண்டிக்கொண்டு 6 தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் "மேலே போயிருக்கிறது" என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

பழைய_பேரேடு:

எல்லோருக்கும் நன்றி. பள்ளம்வெட்டி தம்பி, "மேலே போயிருக்கிறது" என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பல நேரம் எனக்கே தெரியாமல்தான் சொன்னேன். மன்னிக்கணும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குழுத் தலைவருக்கு 9 மணி விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வேறு என்னவெல்லாம் இப்படி இருக்கிறது, பட்டியல் போடுங்கள்" என்றார். இப்போது இரண்டரைப் பக்கம் ஆகியிருக்கிறது.

இந்த வாரம் மூன்று நிறுவனங்களையும் திரும்பக் கூப்பிட்டோம். வரைபடம் எதுவும் வேண்டாம், இந்த நான்கு வழக்கையும் எங்கள் முன்னால் ஏற்றுங்கள் என்றோம். முதுகுவலிக்காரர், மூவருக்கு ஒன்றாக அடிபட்ட சம்பவம், ஊசி குத்தியவர், 11 வருடத்துக்கு முந்தைய மரணம். முதுகுவலியில் ஒரு நிறுவனம் மட்டும் நேரத்தை விட்டுவிட்டு நகர்ந்தது. மற்ற இரண்டும் சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டன. அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே "இப்போதைக்கு ஏதாவது ஒரு நேரம் போட்டுக்கொள்ளலாம் மேடம்" என்றார்.

அந்த ஒரு நிறுவனத்திலும் குறை இல்லாமல் இல்லை. பழைய மரணத்துக்கு இன்றைய விகிதத்தில் கணக்குப் போட்டது. தேதிவாரி விகிதம் தனிக் கட்டணமாம். அதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர நிதிப் பிரிவு பேசிக்கொண்டிருக்கிறது.

ஒரே சம்பவ எண், கீழே தனித்தனிப் பதிவு என்று மஞ்சள்_தொப்பி சொன்னதைப் படம் வரைந்து எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டினேன். உடனே சரி என்று சொல்லவில்லை. படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அட்டவணைக்காரன்:

நல்லது அக்கா. ஒரு சந்தேகம். 9 மணி என்று இருப்பதில் உண்மையாகவே 9 மணிக்கு நடந்ததும் இருக்குமே, அதை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பழைய_பேரேடு:

காகிதத்தைத் திறந்துதான். வேறு வழி இல்லை. நடப்பு வழக்குகள் மட்டும், நாளுக்கு 15 கோப்பு என்று இரண்டு பேர் பார்க்கிறோம். நேற்று ஒன்று வந்தது. கணினியில் காலை 9:00. படிவத்தில் நேரக் கட்டம் காலி. ஓரத்தில் பென்சிலில், என் கையெழுத்தில், "ராத்திரி ஷிப்ட், கேட்டுப் போடணும்" என்று இருக்கிறது. கேட்கவே இல்லை போல. இன்று அவருக்குப் போன் போட்டிருக்கிறேன்.