சிங்க்ரனஸ்: ஒத்திசைவா, ஒருதுடிப்பா?

வணக்கம் ஐயா,

நம் கையேட்டுக்கான கலைச்சொற்களில், சிங்க்ரனஸ் (synchronous, இரு பக்கமும் ஒரே கடிகாரத் துடிப்பில் தரவு பரிமாறும் முறை) பற்றி, "சிங்க்ரனஸுக்கு ஒத்திசைவு என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்" என்று எழுதியிருந்தீர்கள். மற்ற அத்தியாயங்களில் எனக்கு மறுப்பில்லை. ஐஎஸ்டிஎன் (ISDN, தொலைபேசிக் கம்பியில் குரலையும் தரவையும் டிஜிட்டலாக அனுப்பும் சேவை) இணைப்பைக் கணினியோடு சேர்க்கும் பெட்டியான டெர்மினல் அடாப்டரை அமைக்கும் அத்தியாயத்தில் மட்டும் அந்தச் சொல் காலை வாரிவிடும்.

'ஒத்திசை' இப்போது கைபேசியில் குடியேறிவிட்டது. பார்த்ததும் தொடர்பு எண்களும் படங்களும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே கதை வேறு. இதற்கு எதிரான அசிங்க்ரனஸ் (asynchronous) முறையில் ஒவ்வோர் எழுத்தும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட் என்று மாட்டிக்கொண்டு வரும். 8 பிட் தரவுக்கு 10 பிட் அனுப்ப வேண்டும். பெறும் பக்கம் ஒவ்வொரு தொடக்க பிட்டிலும் புதிதாக எண்ணத் தொடங்குவதால், இரு பக்கக் கடிகாரங்களும் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. சிங்க்ரனஸ் முறையில் இந்த முன்னும் பின்னும் கிடையாது. பிட்டுகள் இடைவெளியின்றி ஓடும். ஒவ்வொரு பிட்டும் எங்கே தொடங்குகிறது என்பதைத் தனிக் கம்பியில் வரும் கடிகாரத் துடிப்புதான் சொல்லும்.

அந்தத் துடிப்பை யார் தருவது என்பதில்தான் களத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐஎஸ்டிஎன்னில் அது தொலைபேசி நிலையத்திலிருந்து வருகிறது. அடாப்டர் அதைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கிறது: 25 ஊசி இணைப்பியில் அனுப்பும் துடிப்பு 15-ஆம் ஊசியில், பெறும் துடிப்பு 17-இல். கணினியே துடிப்பு கொடுத்தால் அதற்கு 24. இங்கே கணினி தன் சொந்தக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பினால் இணைப்பு கிடைக்கும், விளக்கும் எரியும், தரவில் மட்டும் பிழை வந்துகொண்டே இருக்கும். 64,000 பிட் வேகத்தில் இரு கடிகாரங்களும் லட்சத்துக்கு 5 பங்கு வேறுபட்டாலே நொடிக்கு 3 பிட்டுக்கு மேல் நழுவிவிடும். 9 ஊசி கேபிளில் இந்தத் துடிப்புக் கம்பிகளே இல்லை என்பது இன்னொரு வம்பு. மலிவான 25 ஊசி கேபிள் சிலவற்றிலும் இதே நிலைதான். வாங்கும்போது ஊசிகள் எல்லாம் இருக்கும், உள்ளே கம்பி ஓடாது.

ஆகவே சொல்லில் துடிப்பு தெரிய வேண்டும் என்பது என் கட்சி. சிங்க்ரனஸுக்கு 'ஒருதுடிப்புத் தொடர்பு', அசிங்க்ரனஸுக்குத் 'தனித்துடிப்புத் தொடர்பு' என்று வைக்கலாம். நம் குழுவில் வந்த 'தாளமொத்த' எனக்குப் பிடித்தது. மார்கழிக் கச்சேரியில் பாடகர் போடும் தாளத்தை வயலினும் மிருதங்கமும் பார்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் 'தாளமொத்தத் தரவுத்தொடர்பு அமைப்பு' என்று நீட்டினால் வாய் வலிக்கிறது. சிங்க்ரனஸ் மோட்டாருக்குச் சொல்லும் 'ஒத்தியங்கு' மின்மோட்டார்க்காரர்களிடமே இருக்கட்டும்.

கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"தொடர் முகப்பை ஒருதுடிப்பு முறைக்கு மாற்றவும். துடிப்பு மூலம்: அடாப்டர். எதிர்முனையிலும் இதே முறையைத் தேர்ந்தெடுக்கவும்."

படிப்பவர் எந்தக் கம்பியைச் சோதிக்க வேண்டும் என்று கேட்காமலே புரிகிறது. 'ஒத்திசைவு மூலம்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், எதன் மூலம் என்றே குழம்பும். 'தொடர் முகப்பை' (serial interface) என்று அழுத்திச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஐஎஸ்டிஎன்னில் தரவைச் சுமக்கும் பி சேனல் எப்போதும் ஒருதுடிப்பில்தான் ஓடும். நாம் மாற்றுவது கணினிக்கும் அடாப்டருக்கும் நடுவே உள்ள பகுதியை. அங்கே தனித்துடிப்பை வைத்துக்கொண்டால் வி.110, வி.120 (V.110, V.120 தரநிலைகள்) போன்ற ஒரு முறையில் தரவைச் சேனலுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இரு முனையிலும் ஒன்றையே தேர்ந்தெடுக்காவிட்டால் பேச்சே நடக்காது.

அடாப்டருக்குத் 'தகவி' போடலாம் என்ற தங்கள் யோசனைக்கு என் ஓட்டு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் போய் வெறும் அடாப்டர் என்று கேட்டால் 12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்றுதான் கேட்பார்கள். 'முனையத் தகவி' என்றால் அந்தக் குழப்பம் வராது. சிலர் 'ஐஎஸ்டிஎன் மோடம்' என்று எழுதுவதை மட்டும் தவிர்ப்போம். அந்தப் பெட்டி, மோடத்தைப் போலத் தரவை அலையில் ஏற்றும் பண்பேற்றம் எதுவும் செய்வதில்லை, முழுக்க டிஜிட்டல்.

ஐசோக்ரனஸ் (isochronous, சீரான இடைவெளியில் தரவு அனுப்பும் முறை) இன்னும் பாக்கி. யூஎஸ்பி ஒலிக்கருவிகள் பற்றி எழுதும்போது அது கட்டாயம் வரும். 'சமதுடிப்பு' என்றால் ஒருதுடிப்போடு குழம்புமோ என்று தோன்றுகிறது. 'சீரிடை' எப்படி இருக்கிறது, ஐயா?