ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பற்றி வீட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்குமான கையேட்டில் பாகுபாடு, துன்புறுத்தல், பழிவாங்கல் மூன்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. மாற்றுத்திறனாளி சிரமமின்றிக் குடியிருக்க வீட்டுக்காரர் செய்து தர வேண்டியதைக் குறிக்கும் 20ஆம் பிரிவின் ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் இழுபறி. வரைவில் ‘நியாயமான சரிசெய்தல்’ என்று இருக்கிறது. இது வேண்டவே வேண்டாம்.

குழாயைச் சரிசெய்வது என்றால் நமக்குப் பழுது பார்ப்பது. வீட்டுக்காரரின் பழுதுபார்ப்புக் கடமை 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 11ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. இங்கே பேசப்படும் குழாயில் பழுதே இல்லை. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவரால் அதைத் திருக முடியவில்லை; புறங்கையால் தள்ளினாலே திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய் வேண்டும். ‘குழாயைச் சரிசெய்து தாருங்கள்’ என்று எழுதினால் பிளம்பர் வந்து பார்த்து, ‘நல்லாத்தானே இருக்கு’ என்று போய்விடுவார். கோரிக்கை அதோடு முடிந்தது.

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வதும் ஆபத்து. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றால் கேட்டவர்தான் பொறுத்துப்போக வேண்டும். சட்டம் சொல்வது நேர்மாறு: மாற வேண்டியது வீட்டுக்காரரின் நடைமுறை. செலவும் அவருடையதே, அதைக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது.

‘நியாயத் தகவமைப்பு’ எப்படி?

* * *

வணக்கம் ஐயா.

> ‘நியாயத் தகவமைப்பு’ எப்படி?

பாலைவனத்தில் கள்ளி தன் இலைகளை முள்ளாக்கிக்கொண்டதைத்தான் பள்ளிப் பாடம் தகவமைப்பு என்கிறது. மாறியது கள்ளி, பாலைவனம் அல்ல. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’வில் நீங்கள் காட்டிய அதே கோணல் இதிலும் வருகிறது.

சொல்லுக்கு முன், அதற்குள் எவை அடங்கும் என்று பார்த்துவிடுவோம். வாடகை வீட்டைப் பொறுத்தவரை இரண்டு வகை. விதியையோ வழக்கத்தையோ தளர்த்துவது ஒன்று: ‘நாய் வளர்க்கக் கூடாது’ என்ற நிபந்தனையிலிருந்து வழிகாட்டி நாய்க்கு விலக்குத் தருவது போல. மற்றது, துணைக்கருவி தருவது.

கட்டடக் கூறுகளை அகற்றவோ மாற்றவோ வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. சுவரை இடி, வாசலை அகலமாக்கு என்று இதன்கீழ் கேட்க வழியில்லை. ஆனால் குழாய், கதவுக் கைப்பிடி, அழைப்பு மணி, அறிவிப்புப் பலகை, மேசை நாற்காலி, சுவர் அல்லது கதவின் நிறம் ஆகியவற்றை மாற்றுவது கட்டடக் கூறுகளை மாற்றுவது ஆகாது என்று சட்டத்தின் 4ஆம் அட்டவணை பெயர் சொல்லியே ஒதுக்கிவைக்கிறது. பார்வை மங்கியவருக்கு வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு எங்கே இருக்கிறதென்று தெரியாது. கதவுக்கு அடர்நிறம் பூசித் தரச் சொல்லலாம். இந்தப் பட்டியல் கையேட்டில் முழுதாக வர வேண்டும்.

அதனால்தான் ‘மாற்றம்’ என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. அதைப் படிப்பவர் கான்கிரீட் சாய்தளம் கேட்பார், மறுப்பு வரும், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் கைப்பிடியையும் விட்டுவிடுவார். சாய்தளத்துக்கும் கீழ்த்தளக் குளியலறைக்கும் வழி வேறு: உள்ளூர் கவுன்சில் தரும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி மானியம், இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை.

‘சலுகை’யும் கூடாது. சலுகை கொடுப்பவரின் பெருந்தன்மை, இது கடமை. ‘தக்க ஏற்பாடு’ என்றால் இரு வகையும் அடங்கிவிடும்.

* * *

வணக்கம் அம்மா.

தகவமைப்பை விட்டுவிடுகிறேன். ‘ஏற்பாடு’ பொருந்துகிறது: நிபந்தனையைத் தளர்த்துவதும் ஏற்பாடு, மணி பொருத்துவதும் ஏற்பாடு, இடித்துக் கட்டுவது அதில் வராது. ‘தக்க’ மட்டும் இடிக்கிறது. ‘குடிநீருக்குத் தக்க ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன’ என்று எல்லா அறிவிப்புகளிலும் வருகிற தொடர் அது. சட்டச் சொல் என்று யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

‘நியாய ஏற்பாடு’ என்று வைப்போம். நியாயவிலைக் கடை புழங்கும் மொழியில் இது உறுத்தாது. நியாய ஏற்பாட்டுக் கடமை, நியாய ஏற்பாட்டுக் கோரிக்கை என்று நீட்டவும் வருகிறது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது, செலவும் பலனும் பார்த்து நியாயமானதுதான் கிடைக்கும் என்ற வரம்பும் சொல்லிலேயே இருக்கிறது.

கோரிக்கை என்ற சொல்லைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்டால்தான் கடமை பிறக்கிறது. குடியிருப்பவர் சார்பில் இன்னொருவரும் கேட்கலாம். மாதிரி வாசகம்:

‘சமத்துவச் சட்டம் 2010, பிரிவுகள் 20, 36இன் கீழ் நியாய ஏற்பாடு கோருகிறேன். கைவிரல் மூட்டுவாதத்தால் சமையலறைக் குழாயைத் திருக முடியவில்லை. நீளக் கைப்பிடிக் குழாய் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இது பழுதுபார்ப்புக் கோரிக்கை அல்ல.’

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். கடிதம் பழுதுபார்ப்புப் பிரிவுக்குப் போய்ப் படுத்துவிடாமல் தடுப்பது அதுதான். வீட்டுக்காரர் தாமும் அதே வீட்டில் குடியிருந்து ஒரு சிலருக்கு மட்டும் அறை விடும் சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். இல்லையென்றால் அங்கிருப்பவர்கள் வீணாக எழுதிக் காத்திருப்பார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி கோர்ட்டுக்குப் போக ஆறு மாதத்தில் ஒரு நாள் குறைவான கெடுதான். எப்போது கேட்டார், எப்போது மறுத்தார்கள் என்று காட்டினால்தான் அந்தக் கெடுவைக் கணக்கிட முடியும். வாய்மொழியாகக் கேட்டவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாதிரிக் கடிதத்தில் தேதிக்கு முதல் வரியிலேயே இடம் விடுங்கள்.