மறு: தேம்ஸ் கட்டுரையில் 'லாக்', 'வியர்' – தமிழில்?

> 'நீர்ப்பூட்டு' போதாதா? படித்தால் புரிகிறதே.

அன்புள்ள குழுவினர்க்கு,

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றைப் பற்றிய நம் கட்டுரையில் வரும் 'லாக்' (lock), அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகைக் கடக்கவிடும் அமைப்பு, 'நீர்ப்பூட்டு' என்றால் புரிகிறதா என்பதில்தான் எனக்கு ஐயம். பூட்டு என்றதும் சாவி நினைவுக்கு வருமே தவிர, படகு மட்டம் மாறி ஏறி இறங்குவது வராது. தவிர, தேம்ஸில் இருந்த லாக்குகள் இரண்டு வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வரலாற்றுப் பகுதி குழம்பிவிடும்.

பழைய வகையில் அறையே கிடையாது. ஆலைக்காக ஆற்றை மறித்த தடுப்பில் ஒரு பகுதியை மட்டும் பலகை பலகையாகக் கழற்றுவார்கள். தேங்கிய நீர் சீறிப் பாயும். கீழே போகும் படகு அந்த வேகத்திலேயே போய்விடும். மேலே வரும் படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். மடை திறந்த வெள்ளமேதான்! ஆகவே 'பாய்மடை'.

புதிய வகை 1630களில் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கீழே இஃப்லி, சாண்ட்ஃபோர்டு ஆகிய இடங்களில் வந்தது. இரு முனையிலும் கதவு, நடுவே அறை. மேல்நீரை உள்ளே விட்டால் படகு உயரும், வடித்தால் தாழும். இன்று லெச்லேடு முதல் டெடிங்டன் வரை இருக்கும் 44-உம் இவ்வகையே. இதற்கு 'அறைமடை' என்றேன்.

> யாரையோ அறையப் போவதுபோல் இருக்கிறது. 'படகுமடை' எனலாமே?

பாய்மடையிலும் படகுதானே போனது? சரி, 'தொட்டிமடை' என்று மாற்றிக்கொள்கிறேன். அடி விழாது.

> வியருக்கு 'அணை' போதும்.

அணை என்றால் நம்மவர்கள் மேட்டூரை நினைப்பார்கள். தேம்ஸின் வியர்கள் (weir), அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்ந்த தடுப்புகள், பாசனத்துக்கு நீர் சேர்ப்பவை அல்ல. படகு தரைதட்டாத அளவுக்கு மட்டத்தை நிறுத்தி, மிச்சத்தை வழியவிடுபவை. நம் ஏரிகளில் கலிங்கு செய்வதும் அதைத்தானே? 'ஆற்றுக்கலிங்கு' என்போம்.

ஆற்றின் நடுவே உள்ள தீவுகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், 'ஆற்றிடைக்குறை' இருக்கிறது. 'துருத்தி'யும் அதே பொருள்தான். ஆனால் இன்று கொல்லன் உலைதான் கண்முன் வரும்.

லண்டனில் உல்லிச் அருகே 1984-இல் முறைப்படி திறக்கப்பட்ட 'தேம்ஸ் பேரியர்' என்னும் வெள்ளத்தடுப்புக்கு 'ஓதத்தடுப்பு' (ஓதம் என்றால் கடல்நீர் ஏறி வற்றுவது). அதையும் அணை என்று எழுதிவிடாதீர்கள். 520 மீட்டர் அகலம். அதன் பெரிய கதவுகள் சாதாரண நாளில் ஆற்றடியில் படுத்திருக்கும், கப்பல்கள் மேலே போகும். கடல் பொங்கும் ஆபத்து வந்தால்தான் எழுந்து மறிக்கும்.

அதே ஆற்றில் ரிச்மண்டில் 1894-இல் அமைத்த கதவுகள்தான் பாக்கி. ஓதம் பாதி மட்டத்துக்குக் கீழே வடியும்போது அவற்றை இறக்கி மேற்பக்க நீரைப் பிடித்துவைக்கிறார்கள். 'அரையோதக் கதவு' என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். எனக்கே முழுத் திருப்தியில்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.