புதுப்பிப்பு: 6 மி.மீ. விண்வெளிக் காலாட்படை

மேஜைப் போர் விளையாட்டுக்கான என் 6 மி.மீ. பொம்மை வீரர்களுக்குக் கருப்பு பிரைமரா (அடிப்பூச்சு), வெள்ளையா என்று இங்கே கேட்டிருந்தேன். கருப்பு அடித்து, மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே தூவச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன், முதல் அணி தயார்.

இந்த அளவில் எந்த நிறமும் இருண்டுதான் தெரிகிறது. 28 மி.மீ. மினியேச்சரில் எடுப்பாக இருக்கும் கரும்பச்சை இங்கே வெறும் நிழல். அதனால் நன்றாக வெளிறிய பச்சை எடுத்தேன். கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட், ஒரே பூச்சில் பள்ளத்தில் அடர்த்தியாகவும் மேட்டில் மெலிதாகவும் படிகிறது. சோம்பேறிகளுக்கு வரம்!

கண், பெல்ட் எல்லாம் வீண்வேலை. துப்பாக்கிக்குக் கருப்பு, தலைக்கவசத்தில் ஒரு பொட்டு ஆரஞ்சு, போதும். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பொட்டுதான் அணியை அடையாளம் காட்டும். அப்புறம், பேஸில் (வீரர்கள் நிற்கும் அடித்தட்டு) ஒட்டும் முன்பே ஐஸ்குச்சியில் வரிசையாக ஒட்டிப் பூசிவிடுங்கள். பிறகு இடுக்குகளில் தூரிகை நுழையாது.

அடுத்தது டாங்கிகள். இத்தனை சின்னதில் டெக்கால் (ஒட்டுச் சின்னம்) ஒட்டியவர்கள் யாராவது உண்டா?